நான்காவது நிரல்

1999இல் வவுனியாவில் ஒரு கொமினிகேசனில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி முதல் நாளே ஒரு சி.ஆர். கொப்பியைக் கையில் தந்து நான்கு நிரல் கோடு போடச் சொன்னார். அனுப்புகிறவர் பெயர், பெறுகிறவர் பெயர், அடையாள அட்டை இலக்கம், முறை.

"அட்டையை ஆரும் கொண்டு வரலாம் தம்பி. முறையைக் கேள்" என்றார்.

அதுதான் உண்டியல் கொப்பி. ரொறன்ரோவில் ஒருவர் யாரோ ஒரு கடைக்காரரிடம் டொலரைக் கொடுப்பார். எங்களுக்கு அழைப்பு வரும். இங்கே முதலாளி ரூபாயை எண்ணிக் கொடுப்பார். கடல் கடந்து ஒரு சதமும் வருவதில்லை. இரண்டு வியாபாரிகளும் தங்களுக்குள் பிறகு கணக்குத் தீர்ப்பார்கள். வன்னியிலிருந்து பாஸ் எடுத்து வந்து வாங்கில் காத்திருக்கும் அம்மாக்களிடம் நான் கேட்பேன்: "காசு போட்டவர் உங்களுக்கு என்ன முறை? எத்தனையாவது பிள்ளை? வீட்டில என்னெண்டு கூப்பிடுவீங்கள்?" புதுக்குடியிருப்பிலிருந்து வந்த ஒருவர் மகனின் செல்லப்பெயரைச் சொல்லத் தொடங்கி, சொல்லி முடிக்காமல் அழுதுவிட்டார். அதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? முதலாளி காசை இரண்டு தரம் எண்ணிக் கொடுத்தார்.

உண்டியல் என்ற சொல்லைக் கேட்டால் கோயில் பெட்டிதான் நினைவுக்கு வரும். வணிகத்தில் அதற்கு நெடுங்கால வழக்கு உண்டு. ஓரிடத்தில் கட்டிய காசை வேறோரிடத்தில் கொடுக்கச் சொல்லி எழுதும் சீட்டு அது. வடக்கே ஹூண்டி என்பார்கள். கொழும்புச் செட்டியார் தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டிமார் வெள்ளைக்காரன் காலத்திலேயே உண்டியலில் கொடுக்கல் வாங்கல் செய்தார்கள். எங்கள் காலத்தில் சீட்டு போய்க் குரல் வந்தது, அவ்வளவுதான்.

1983 கலவரத்துக்குப் பிறகு பிள்ளைகள் வெளிநாடு போனார்கள். 1990இல் மீண்டும் சண்டை தொடங்கியபின் வன்னியில் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. காசு கனடாவில், பசி கிளிநொச்சியில். இடையில் நின்றது உண்டியல்காரரின் வாக்கு. சட்டப்படியான வழி அல்ல என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதில்தான் நெல் விதைத்தோம், செத்தவீடு செய்தோம், பெண் பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்தோம்.

2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில் பூட்டப்பட்டது. 2009இல் போர் முடிந்தது. அதன்பிறகு கிளிநொச்சியில் வீதியோரமாக வங்கிகள் வரிசைக்கு வந்தன. உண்டியலும் ஆள் மாறியது. நேரில் காசை எண்ணித் தரும் ஆள் இல்லை. கொழும்பிலோ எங்கோ பெயர் தெரியாத ஒருவர் உங்கள் கணக்கில் போடுவார். 2021 கடைசியில் வங்கியில் டொலர் 200 ரூபாய் அளவில் நின்றபோது வெளியில் 240க்கு மேல் கொடுத்தார்கள். வங்கி வழியே வந்த வெளிநாட்டு உழைப்பாளர் பணம் 2020இல் 7.1 பில்லியன் டொலர், 2022இல் 3.8 பில்லியனுக்கு இறங்கியது. மத்திய வங்கி எச்சரித்துக்கொண்டே இருந்தது. சனம் உண்டியலுக்கே போனது. சில வேளைகளில் உண்டியல்காரர் இங்கிருப்பவர்களிடமே கேட்பார்கள்: "இந்தக் கணக்குக்குக் காசைப் போட்டு விடுங்கோ, அங்க உங்கட பிள்ளையிட்டைக் குடுக்கிறம்."

அந்நியர் கணக்கில் காசு போடுவதும் அந்நியர் போட்ட காசை எடுப்பதும் இப்படித்தான் எங்களுக்குச் சாதாரணமாகின. நான்காவது நிரல் எப்போது காணாமற்போனது என்று ஒருவரும் கவனிக்கவில்லை. நானும்தான்.

வட்டக்கச்சியில் இருக்கும் சின்னம்மாவுக்குப் போன வருடம் ஒரு செய்தி வந்தது. கனடாவில் இருக்கும் என் தம்பியின் வட்ஸ்அப். படமும் அவனுடையது, நம்பரும் அவனுடையது. ஒருவருக்கு அவசரம், இந்தக் கணக்கில் இரண்டு லட்சம் போட்டுவிடுங்கள், நாளைக்கே உண்டியலில் அனுப்புகிறேன் என்றிருந்தது. சின்னம்மா அழைத்துப் பார்த்திருக்கிறா. வேலையில் நிற்கிறேன், பேச ஏலாது என்று எழுத்தில் பதில் வந்தது. கிணற்றுக்குக் கல்லுக் கட்ட எடுத்த சீட்டுக்காசு வீட்டில் இருந்தது. பஸ் ஏறிக் கிளிநொச்சிக்குப் போய் மெஷினில் போட்டா. ஒரு தாளை மெஷின் திருப்பித் தள்ளியதாம். அதைச் சேலையில் வைத்து நீவித் திரும்பவும் போட்டிருக்கிறா. பின்னேரம் இன்னும் ஒரு லட்சம் கேட்டுச் செய்தி வந்தது. அதையும் போட்டா.

உண்மையில் அதற்கு முதல் நாள் என் தம்பிக்குத் தெரிந்த ஒருவரின் பெயரில் "உனக்கு வந்த ஆறு இலக்கத்தை அனுப்பு" என்று ஒரு செய்தி வந்திருந்தது. அவனும் யோசியாமல் அனுப்பிவிட்டான். அவனுடைய வட்ஸ்அப் கைமாறியது அப்படித்தான்.

விஷயம் தெரிந்த அன்றே சின்னம்மாவைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போனேன். காசு அதற்குள் எடுபட்டுவிட்டது. பொலிசில் முறைப்பாடு எழுதினோம். இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101க்கு அழைத்தேன். தம்பி தன் நம்பரால் வட்ஸ்அப்பைத் திரும்பப் பதிந்தபோது திருடன் வெளியே விழுந்தான். உடனே இரண்டு படிச் சரிபார்ப்புக்கான பின் இலக்கத்தைப் போடவைத்தேன். கொஞ்ச நாளில் சின்னம்மாவுக்கு இன்னொரு செய்தி. இழந்த காசை மீட்டுத் தருகிறோம், முதலில் 15,000 கட்டுங்கள் என்று. நல்லவேளை, அதை என்னிடம் காட்டினா.

காசை விடக் கடினமாக இருந்தது சின்னம்மாவை முற்றத்துக்குக் கொண்டுவருவது. கோயிலுக்குப் போகவில்லை. ஃபோனை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டா. சொந்தத்துக்குள்ளேயே "இவ்வளவு வயசாகியும் விசாரிக்கத் தெரியாதோ" என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்திருக்கிறது.

நான் பழைய கொப்பியின் கதையைச் சொன்னேன். "சின்னம்மா, பேர் தெரியாத கணக்குக்குக் காசு போடப் பழக்கினது நாங்கள்தான். கள்ளன் நாங்கள் போட்ட பாதையால நடந்து வந்தவன்."

"அப்ப நீ கேட்ட மாதிரி நானும் கேட்டிருக்கலாம். அவனை வீட்டில என்னெண்டு கூப்பிடுறதெண்டு" என்றா. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சிரித்தா. தம்பிக்கு வீட்டில் வைத்த பெயர் அப்படி. அதை இங்கே எழுதினால் அவன் என்னோடு பேசமாட்டான்.

சீட்டு இருபது பேர், மாதம் 20,000. சின்னம்மா எட்டாவதாக எடுத்தபடியால் இன்னும் பன்னிரண்டு மாதம் கட்டவேண்டும். வாராவாரம் அறவிட வரும் கடன் கொம்பனியில் எடுத்து அடைக்கலாமா என்று கேட்டா. வேண்டாம் என்று நான் சண்டை பிடித்தேன். அந்தக் கடனால் வன்னிப் பெண்கள் பட்ட பாடு தெரியும். 2018இல் வட்டிக்கு 35 வீதம் என்று உச்சவரம்பு போடுகிற அளவுக்குப் போனது அது. சீட்டுப் பிடிக்கிற அக்கா விஷயம் கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்தா. தேத்தண்ணி குடித்தா. கட்டும் தேதியை மட்டும் மாதக் கடைசிக்குத் தள்ளிக் கொடுத்தா, வேறொன்றும் கேட்கவில்லை.

பாதிக் காசை, மாதம் 10,000, தம்பி அனுப்புகிறான். உண்டியலில் அல்ல; வங்கியில், தன் பெயரில். அனுப்ப முதல் குரலில் கூப்பிடுகிறான். கிணறு இன்னும் கட்டவில்லை.