பற்றரிக்குத் தடை இருந்த குடாநாடு

1990இல் போர் மறுபடி தொடங்க, தெற்கில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்த கறண்ட் நிண்டு போச்சு. கூடவே பொருளாதாரத் தடையும் வந்தது. அந்தத் தடைப் பட்டியலில் டோர்ச் பற்றரியும் ஒன்று. சாவகச்சேரியில் அந்தக் காலத்தைக் கண்டவர்களிடம் கேட்டால், ஜாம் போத்தல் விளக்கில் படித்ததைச் சொல்லுவினம். சைக்கிளைக் கவிட்டு வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டதையும் சொல்லுவினம்.

நாங்கள் இதை எங்கட ஆக்களின் கெட்டித்தனத்துக்கு உதாரணமாகத்தான் கேட்டு வளர்ந்தோம். ஆனால் அதற்குள் ஒரு மின்சாரப் பாடமும் இருக்கு. சுற்றுகிற கை ஓய்ந்தால் செய்தியும் பாதியில் நிற்கும். மின்சாரம் உண்டாக்க வழி இருந்தது. சேர்த்து வைக்கத்தான் வழியில்லை.

சேமிப்பு இல்லாத இடத்தில் எண்ணெய்தான் வரும். சுன்னாகத்தில், வீடுகளும் தோட்டங்களும் நெருங்கிய இடத்தில், எண்ணெயில் ஓடும் மின்நிலையங்கள் இயங்கின. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் கிணற்றுக்கு வருகிறது. அந்தக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. சனம் போராடியது. 2015 ஜனவரியில் மல்லாகம் நீதிமன்றம் அங்கிருந்த தனியார் மின்நிலையத்தை நிறுத்தியது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஒருவருக்கு ஆகக்கூடியது 40,000 ரூபாய். ஒரு கிணற்றின் விலை அவ்வளவுதானா?

போர் முடிந்து தெற்கின் லைன் திரும்பி வந்தது. ஆனாலும் 2013இல் அதே சுன்னாகத்தில் 24 மெகாவாட் ‘உத்துரு ஜனனி’ திறக்கப்பட்டது. அதுவும் எண்ணெய்தான்.

வெயிலுக்கு எங்களிடம் பஞ்சமில்லை. பளையில் காற்றாலைகளும் சுற்றுகின்றன. பிரச்சினை நேரம். வெயில் உச்சம் மத்தியானம்; பாவனை உச்சம் மாலை ஆறரைக்குப் பிறகு. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், பாவனை குறைந்ததால் கூரைச் சோலர்களைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது. பகலில் மிஞ்சியதை இரவுக்குக் கொண்டுபோக இடமில்லை.

இதற்கு வழி இருக்கு. கலிபோர்னியாவின் ஒக்ஸ்னாட் நகரத்துக் கடற்கரையில் இன்னொரு எரிவாயு மின்நிலையம் கட்டப் பார்த்தார்கள். ஏற்கெனவே புகையைச் சுமந்த ஊர் எதிர்த்தது, திட்டம் விழுந்தது. பதிலாக 2021இல் 100 மெகாவாட், 400 மெகாவாட் மணி பற்றரி நிலையம் அந்தப் பகுதிக்கு வந்தது. அதாவது முழு வேகத்தில் நாலு மணித்தியாலம் கறண்ட் கொடுக்கும். எங்கட மாலை உச்சமும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான்.

பக்கத்திலும் உதாரணம் இருக்கு. டீசலில் ஓடும் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்குச் சூரியன், காற்று, பற்றரி சேர்ந்த திட்டம் போடப்பட்டது. 2021இல் சீனக் கம்பனிக்குக் கொடுக்கப்பட்டது, இந்தியா எதிர்த்தது, கடைசியில் இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. இரண்டு பெரிய நாடுகள் இழுபட்ட அந்த மூன்று வருடமும் தீவுச் சனம் டீசல் சத்தத்தோடுதான் இருந்தது.

பற்றரியும் புனிதப் பொருள் இல்லை. விலை கூட, தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு, ஆயுள் முடிந்தால் நஞ்சுக் குப்பை. ஆகவே எங்கட பக்கம் அடுத்த மின்திட்டம் வரும்போது நாங்கள் கேட்க வேண்டியவை மூன்று: இரவுக்கு எதைச் சேர்த்து வைக்கிறீர்கள்? அது வந்தால் எந்த எண்ணெய் எஞ்சின் நிற்கும்? பழைய பற்றரி எங்கே போகும்? சுன்னாகத்தில் கிணறு நாறிய பிறகுதான் கேள்வி கேட்கப்பட்டது. இந்த முறை முதலே கேட்போம்.