காயலான் கடையும் கொல்லன் உலையும்

ஒரு பக்கம் திருப்பினால் பிடித்துக்கொள்ளவும் மறு பக்கம் திருப்பினால் கடகடவென்று வழுக்கிச் செல்லவும் கடமைப்பட்ட ராட்செட் என்னும் கைக்கருவி, உள்ளிருக்கும் நாக்கு தேய்ந்து இரு பக்கமும் வழுக்கத் தொடங்கிவிட்டால், அதற்கு மாற்றுறுப்பு தேடிப் புறப்படுகிற திருநெல்வேலி மெக்கானிக் முதலில் போய் நிற்பது புதுச் சாமான் விற்கும் ஹார்டுவேர் கடையிலன்று, காயலான் கடையில்தான். தமிழ்நாடு முழுவதும் பழைய இரும்புக் கடைக்கு வழங்கும் அப்பெயரின் பூர்வீகம் தாமிரபரணியின் முகத்துவாரத்திலே கிடக்கிறது என்பதை அங்கே பேரம் பேசி நிற்பவர்களில் நினைப்பார் மிகச் சிலர்.

ஆற்று வண்டல் மேடிட்டுக் கடல் விலகியபோது பழந்துறைமுகமான கொற்கையின் வாணிபம் கிழக்கே நகர்ந்து காயலை அடைந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளும் சரக்குகளும் ஏற்றிவரும் கப்பல்கள் காயலில் தங்குவதைக் குறிப்பிடுகிறார். பிஷப் கால்டுவெல் அந்தத் துறையின் இடத்தை ஆராய்ந்தபோது மணலுக்குள்ளிருந்து சீனப் பீங்கான் ஓடுகள் வெளிப்பட்டன. பழையகாயல், காயல்பட்டினம் என்னும் ஊர்கள் இன்றும் அப்பெயரைச் சுமக்கின்றன. கடல் வாணிபத்தில் பழகிய காயல்பட்டினத்து வணிகர்கள் பிற்காலத்தில் பழைய சாமான்களை வாங்கி விற்கும் தொழிலிலும் பிரசித்தி பெற்றதனால் அவ்வகைக் கடைக்கே அவர்கள் ஊர்ப்பெயர் நிலைத்தது என்பது பெருவழக்கான விளக்கம். குதிரை இறங்கிய துறையின் பெயர் துருப்பிடித்த ஸ்பானர்க் குவியலுக்கு வந்து சேர்ந்ததில் எனக்கு ஒரு விநோதமான திருப்தி உண்டு.

ஆனால் மாற்றுறுப்பு என்னும் எண்ணமே தாமிரபரணிப் பள்ளத்தாக்குக்குப் புதியது. 1876-இல் ஜெர்மானியரான யாகோரும், 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீயும் ஆதிச்சநல்லூர்ப் பரம்பைத் தோண்டியபோது தாழிகளோடு இரும்பு வாளும் ஈட்டியும் உழவுக் கருவிகளும் வெளிவந்தன. அவை புதைக்கப்பட்ட பழங்காலந்தொட்டு ஒவ்வொரு கருவியும் தனிப் பிறவி; ஒன்றன் உறுப்பு மற்றொன்றுக்குப் பொருந்தவேண்டிய நிர்ப்பந்தம் எதுவும் அதற்கில்லை. தேய்ந்த கொழுவுக்கு இரும்பு வைத்து அடிப்பதும், உளிப்பிடிக்குப் பூண் இறக்குவதும், அரிவாளுக்குத் தோய்ச்சல் போடுவதும் ஊர்க் கொல்லரின் பொறுப்பு. அதற்கு அவர் பெற்றதோ அறுவடைக் களத்து நெல்.

1876-இல் மணியாச்சி வழியாகத் திருநெல்வேலிக்கு ரயில் வந்தது. அடுத்த பத்தாண்டில் ஆண்ட்ரூ, பிராங்க் ஹார்வி சகோதரர்கள் பாபநாசம் அருவியின் நீர்வலிமையைக் கொண்டு விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை நிறுவினர். தண்டவாளத்தில் துளையிடும் கைராட்செட்டும் யந்திரத்தை முடுக்கும் ஸ்பானரும் இத்தகைய வேலைகளோடு வந்தவை. கப்பல்கள் தூத்துக்குடிக் கரைக்குச் சில மைல் அப்பால் நிற்க, சரக்கு தோணியில் இறங்கிய அக்காலத்தில், ஒரு சிறு நாக்குக்காக இங்கிலாந்துக்குக் கடிதம் எழுதிக் காத்திருப்பது எத்தகைய காரியம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அப்படி வந்தாலும் மரை பொருந்தவேண்டுமே! 1841-இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த ஆங்கில மரைக்குக் கோணம் 55 பாகை; அமெரிக்க மரைக்கு 60. அரை அங்குல போல்ட்டில் ஆங்கிலேயர் அங்குலத்துக்கு 12 சுற்று வைத்தார்கள், அமெரிக்கர் 13 வைத்தார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் அவசரக்காரர் நட்டைத் திருகுவார். இரண்டொரு சுற்று ஏறி அது சிக்கிக்கொள்ளும். பலவந்தம் செய்தால் மரை நாசமாகும். ஸ்பானரில் பொறித்த எண்ணிலும் இதே குழப்பந்தான். விட்வொர்த் ஸ்பானரில் அரை என்றிருந்தால் அது போல்ட்டின் தண்டைக் குறிக்கும். அமெரிக்க ஸ்பானரில் அரை என்றிருந்தால் அது வாயின் அகலத்தைக் குறிக்கும். முன்னதன் வாயோ ஓர் அங்குலத்துக்குச் சற்றே குறைவு! 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மெட்ரிக் அளவும் நாட்டில் நுழைந்தபின், ஒரே பட்டறையில் மூன்று பாஷைகள் பேசும் கருவிகள் கலந்து கிடந்தன.

இத்தனை மாறுதலிலும் மாறாதது ஒன்று உண்டு. ராட்செட்டில் மாட்டுவதற்கென்று இன்று விற்கும் மில்லிமீட்டர் சாக்கெட்டின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். அங்குள்ள சதுரத் துளை மட்டும் அங்குலக் கணக்கிலேயே இருக்கும். ஆகவே அரை அங்குலச் சதுரமுடைய பாட்டனார் காலத்து ராட்செட்டில் நேற்று வாங்கிய சாக்கெட் சிரமமின்றி அமரும். பழைய ராட்செட்டைச் சீர்படுத்துவது வெறும் பழமைப் பற்றன்று என்பதற்கு இந்த ஒரு நியாயமே போதும்.

சீர்படுத்தும் வித்தையைப் பேட்டைப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் நின்று பார்த்தேன். சாக்கெட்டைப் பிடித்து நிறுத்தும் குண்டு தொலைந்திருந்தது. அதற்குச் சைக்கிள் முன்சக்கரத்தின் 3/16 அங்குலக் குண்டு சரியாகப் பொருந்தியது. அதன் பின்னிருக்கும் சுருளுக்கு, எழுதித் தீர்ந்த பேனாவின் ஸ்பிரிங்கைத் தறித்துப் போட்டார்கள். நாக்குக்குத்தான் பிரயாசை. காயலான் கடையில் எடைக்கு வாங்கிய மழுங்கிய அரம் ஒன்றைச் செக்கச் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலுக்குள் புதைத்து, இரவு முழுதும் ஆறவிட்டு மென்மையாக்கினார் ஆசாரி. மறுநாள் தேய்ந்த நாக்கையே மாதிரியாக வைத்துப் புதியதை அரத்தால் ராவி உருவாக்கி, மீண்டும் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினார். அந்நிலையில் அது கண்ணாடிபோல் நொறுங்கக்கூடியது. ஆதலால் ஒரு பக்கத்தைப் பளபளப்பாகத் தேய்த்து மெல்லச் சூடேற்றி, வைக்கோல் நிறம் படர்ந்த கணத்தில் தண்ணீர் காட்டினார். ஒரு நொடி பிந்தி நீலம் பாய்ந்திருந்தால் நாக்கு இளகிப் பற்சக்கரத்திடம் தோற்றுவிடும் என்றார். அளவுமானி எதையும் அவர் எடுக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தை மட்டும் மறைக்காமல் விலகி நிற்கச் சொன்னார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய கருவிப்பெட்டி இருக்கலாம். எடைக்குப் போடுமுன் அதை இத்தகைய ஆசாரி ஒருவரிடம் காட்டுங்கள். தேய்ந்த நாக்கையும் எறிந்துவிடாமல் கூடவே எடுத்துச் செல்லுங்கள், அவருக்கு மாதிரி அதுதான்.