உருண்டு வந்த காலம் – 5: காற்றைக் கட்டிய கால்நடை மருத்துவர்

கவென்ட்ரி நகரத்துத் தையல் மெஷின் தொழிற்சாலை வாசலில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். ரௌலி டர்னர் பாரிஸிலிருந்து கொண்டுவந்த இரு சக்கர வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டிருந்தார் ஃபோர்மேன் ஜேம்ஸ் ஸ்டார்லி. ஆங்கிலேயர்கள் அந்த வண்டிக்கு வைத்த செல்லப்பெயர் 'எலும்பு உலுக்கி'. மரச் சக்கரம், அதன்மேல் இரும்புப் பட்டை. கல் பாவிய தெருவில் இரண்டு ஃபர்லாங் ஓட்டினால் போதும், பெயர்க் காரணம் விளங்கிவிடும்.

1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பாரிஸில் சைக்கிள் தொழில் முடங்கியது. அந்த இடைவெளியில் கவென்ட்ரி முந்திக்கொண்டது. அதே ஆண்டில் ஸ்டார்லியும் வில்லியம் ஹில்மனும் 'ஏரியல்' என்ற வண்டிக்குக் காப்புரிமை பெற்றார்கள். முன்னால் ஆள் உயரச் சக்கரம், பின்னால் குட்டிச் சக்கரம். பழைய படங்களில் நாம் பார்த்துப் பார்த்து வியக்கும் அந்த உருவம் இங்கிருந்துதான் கிளம்பியது.

உயரத்தைப் பற்றிப் பேசுமுன் கம்பியைப் பற்றிப் பேச வேண்டும். எனக்கு இந்தக் கதையிலேயே பெரிய அதிசயம் அந்தக் கம்பிதான்.

மாட்டு வண்டிச் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாரம் குடத்தில் இறங்கி, அடியில் இருக்கும் ஆரக்காலை அழுத்தித் தரைக்குப் போகிறது. அழுத்தத்தைத் தாங்க வேண்டுமென்பதால் ஆரக்கால் தடிமனாக இருந்தாக வேண்டும். சைக்கிள் சக்கரம் நேர் எதிரானது. கைவிரலால் வளைத்துவிடக்கூடிய மெல்லிய கம்பிகள், நாலா பக்கமும் ரிம்மை உள்நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பாரம் வரும்போது அடியில் உள்ள கம்பிகளின் விறைப்பு கொஞ்சம் குறைகிறது. ஆனாலும் எந்தக் கம்பியும் தொய்ந்துபோவதில்லை. நிற்கும் சக்கரத்தை இழுக்கும் சக்கரமாக மாற்றிய இந்த யோசனைக்கு 1869இலேயே பிரான்சில் யூஜின் மேயர் காப்புரிமை எடுத்திருந்தார். ஸ்டார்லி அதை அடுத்த படிக்குக் கொண்டுபோனார். பெடலை மிதிக்கும்போது ஹப் முறுக்கப்படுகிறது; நேராக நிற்கும் கம்பிகளால் அந்த முறுக்கை ரிம்முக்குச் சரியாகக் கடத்த முடியாது. 1874இல் அவர் கம்பிகளைச் சாய்த்து, ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டிச் செல்லும்படி கோத்தார். உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் சைக்கிளின் பின்சக்கரத்தை இப்போதே போய்ப் பாருங்கள். கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன அல்லவா? அது ஸ்டார்லியின் கைவண்ணம்.

இனி உயரம். பெடல் முன்சக்கரத்திலேயே பொருத்தப்பட்டிருந்தது. செயின் கிடையாது. ஒரு மிதி மிதித்தால் சக்கரம் ஒரே ஒரு சுற்றுதான் சுற்றும். ஆகவே வேகம் வேண்டுமென்றால் சக்கரம் பெரிதாக வேண்டும். 50 அங்குலச் சக்கரம் ஒரு மிதிக்கு ஏறத்தாழ 4 மீட்டர் தூரம் போகும். எவ்வளவு பெரிதாக்கலாம்? ஓட்டுகிறவரின் கால் எட்டும் வரை. கால்சட்டைக்கு அளவு கொடுப்பதைப் போல, கால் நீளத்துக்குத் தக்கபடிதான் வண்டி வாங்கினார்கள்.

ஆபத்தும் அந்த உயரத்திலேயே இருந்தது. உட்கார்ந்திருப்பவர் ஏறக்குறைய சக்கரத்தின் அச்சுக்கு நேர்மேலே இருக்கிறார். வழியில் ஒரு கல் தடுத்தால் சக்கரம் நின்றுவிடும், ஆள் நிற்கமாட்டார். ஹேண்டில்பாருக்கு அடியில் கால்கள் சிக்கிக்கொள்ள, தலை முதலில் தரைக்குப் போகும். இறக்கத்தில் பழகிய ஓட்டிகள் இரண்டு கால்களையும் ஹேண்டில்பாருக்கு மேலே தூக்கிப் போட்டுக்கொள்வார்கள். விழுந்தாலும் காலூன்றி விழலாமே! இப்படிப்பட்ட 50 அங்குல வண்டியில்தான் தாமஸ் ஸ்டீவன்ஸ் 1884 ஏப்ரல் 22 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பி உலகத்தைச் சுற்றப் புறப்பட்டார். பாரசீகத்தைக் கடந்து, லாகூரிலிருந்து கல்கத்தா வரை நம் மண்ணிலும் ஓட்டி, 1886 டிசம்பரில் யோக்கோஹாமாவில் பயணத்தை முடித்தார்.

ஸ்டீவன்ஸைப் போன்ற துணிச்சல்காரர்களை மட்டும் நம்பி ஒரு வாகனம் பிழைக்க முடியாது. வயதானவர்களுக்கு அந்த வண்டி எட்டவில்லை. நீண்ட பாவாடை அணிந்த பெண்களால் அதில் ஏறவே முடியாது. ஜேம்ஸ் ஸ்டார்லி 1881இல் காலமானார். விடையைத் தந்தவர் அவருடைய உடன்பிறந்தவரின் மகன், ஜான் கெம்ப் ஸ்டார்லி. 1885இல் அவர் வெளியிட்ட 'ரோவர்' வண்டியில் பெடல் நடுவுக்கு வந்தது. செயின் பின்சக்கரத்தை இழுத்தது. பெடலருகே பெரிய பல்சக்கரம், பின்னால் சிறிய பல்சக்கரம். ஒரு மிதிக்குப் பின்சக்கரம் ஒரு சுற்றுக்கு மேல் சுற்றும். பிறகு ஆள் உயரச் சக்கரம் எதற்கு? செயின் வண்டியை அதே கவென்ட்ரியில் ஹாரி லாசன் 1879இலேயே முயன்று பார்த்திருந்தார். ஊர் ஏற்றுக்கொண்டது ரோவரைத்தான். போலந்துக்காரர்கள் இன்றைக்கும் சைக்கிளை 'ரோவர்' என்றே அழைக்கிறார்கள்.

தலை தப்பியது. முதுகு மாட்டிக்கொண்டது.

பெரிய சக்கரம் சின்னப் பள்ளங்களைப் பொருட்படுத்தாமல் மேலேறிப் போய்விடும். சின்னச் சக்கரம் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறும். டயரோ கெட்டி ரப்பர். 'எலும்பு உலுக்கி' வேறு உருவில் திரும்பி வந்ததுபோல ஆயிற்று.

இந்தச் சிக்கலுக்கு வழி கண்டவர் சைக்கிள் தொழிலில் இருந்தவரே இல்லை. அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் மாட்டுக்கும் குதிரைக்கும் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த ஸ்காட்லாந்துக்காரர், ஜான் பாய்ட் டன்லப். அவருடைய சிறு பையன் கரடுமுரடான கல் தெருவில் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டிக் குலுங்கிக் கஷ்டப்பட்டான். அப்பா ஒரு மரத் தட்டை எடுத்தார். மெல்லிய ரப்பர் தாளைக் குழாயாக ஒட்டி, அதைச் சுற்றி லினன் துணியைப் போர்த்தி, தட்டின் விளிம்பில் ஆணி அடித்து இறுக்கினார். கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பால் காற்றை ஏற்றினார். பையனுடைய சைக்கிளின் கெட்டி ரப்பர் சக்கரத்தையும் கழற்றி, இரண்டையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். கெட்டி ரப்பர் சக்கரம் பாதியிலேயே தள்ளாடிச் சாய்ந்தது. காற்றுச் சக்கரம் கடைசிவரை ஓடி, வாசல் தூணில் மோதித் திரும்பியது.

1888 பிப்ரவரி 28 அன்று பையனின் சைக்கிள் காற்றின்மேல் ஓடியது. டிசம்பர் 7 அன்று காப்புரிமை கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு மே 18, பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் கல்லூரி மைதானம். உப்பிய டயர்களோடு வந்த வில்லி ஹ்யூமைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது. பந்தயம் முடிந்தபோது சிரிப்பு அடங்கியிருந்தது. அவரிடம் தோற்றவர்களில் டப்ளின் வணிகர் ஹார்வி டூ கிராஸின் மகன்களும் உண்டு. தகப்பனார் மகன்களைக் கடிந்துகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அந்த ஆண்டிலேயே டப்ளினில் டயர் கம்பெனி எழுந்தது.

எல்லாம் கூடிவந்த நேரத்தில், 1890இல், டன்லப்புக்கு ஓர் அதிகாரபூர்வத் தகவல் வந்தது. அவருடைய காப்புரிமை செல்லாது. காற்றடைத்த சக்கரத்துக்கு 1845ஆம் ஆண்டிலேயே ஒருவர் காப்புரிமை வாங்கிவிட்டார். அவரும் ஸ்காட்லாந்துக்காரர்தான், பெயர் ராபர்ட் வில்லியம் தாம்சன். அப்போது தாம்சனுக்கு வயது 23. டன்லப் 5 வயதுச் சிறுவன். பெடல் சைக்கிள் தெருவுக்கே வராத காலத்தில் எந்த வண்டிக்காக அவர் காற்றைக் கட்டினார்? லண்டன் ரீஜன்ட்ஸ் பூங்காவில் அந்தச் சக்கரங்கள் ஓடியதை நேரில் பார்த்த ஊர், அவற்றை அடியோடு மறந்தது ஏன்?

தாம்சனைக் கேட்க வழியில்லை. அந்தத் தகவல் வந்தபோது அவர் இறந்து 17 ஆண்டுகள் ஆகியிருந்தன.

(அடுத்த வாரம்: ரீஜன்ட்ஸ் பூங்காவில் சத்தமில்லாமல் ஓடிய வண்டி)