தொட்டிலுக்குப் பொறுப்பு யார்?

தாய் வேலைக்குச் சென்றால் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் யார்? பாட்டியும் அத்தையும் ஒரே வீட்டில் வாழ்ந்தவரை இக்கேள்விக்கு விடை தேட வேண்டியிருக்கவில்லை. ஆலைத்தொழில் பெருகி, குடும்பங்கள் பிழைப்பைத் தேடி இடம் பெயர்ந்தபோது அது பெருங்கேள்வியாயிற்று. ஆலைத்தொழில் முதன்முதலாகத் தழைத்த பிரிட்டனில் அதற்கு இரண்டு விடைகள் தோன்றின. முதலாளி உதவட்டும் என்பது ஒன்று. அரசாங்கம் உதவட்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் வளர்ந்த வரலாற்றைச் சற்றே காண்போம்.

ஸ்காட்லாந்தில் நியூ லானர்க் என்னும் ஊரில் ராபர்ட் ஓவன் என்பவர் பஞ்சாலை நடத்திவந்தார். 1816-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று அவர் அங்கே ஒரு கல்விக்கூடத்தைத் திறந்துவைத்தார். தத்தித் தத்தி நடக்கும் பருவத்துப் பிள்ளைகளுக்கும் அதில் இடமிருந்தது. ஆசிரியர்கள் அவர்களை அடிக்கக் கூடாது, கடிந்து பேசவும் கூடாது என்று ஓவன் விதித்தார். அன்னையர் மனக்கவலையின்றி ஆலைக்குச் சென்றனர். ஆனால் ஓவனைப் போன்ற முதலாளி எல்லா ஆலைக்கும் வாய்க்கவில்லை. ஒருவருடைய நல்லெண்ணத்தை நம்பி வந்த உதவி, அந்த நல்லெண்ணம் இல்லாத இடத்தில் இல்லாமலே போயிற்று.

அரசாங்கத்தின் உதவி எப்படி இருந்தது? இரண்டாம் உலகப் போரின்போது ஆடவர் போர்முனைக்குச் சென்றனர். பெண்கள் ஆயுதத் தொழிற்சாலைகளுக்குச் சென்றனர். அவர்களுக்காக அரசாங்கப் பணத்தில் குழந்தைக் காப்பகங்கள் எழுந்தன. 1944-இல் அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 1,500. போர் ஓய்ந்ததும் மத்திய அரசின் மானியம் சுருங்கியது. பல காப்பகங்கள் மூடப்பட்டன. நாட்டுக்குப் பெண்களின் உழைப்பு தேவைப்பட்ட வரையில்தான் அவர்களுடைய குழந்தைகளுக்கும் தொட்டில் கிடைத்தது.

பின்னர் 2005-இல் ஒரு புதிய ஏற்பாடு வந்தது. அதன்படி ஊழியர் தம் சம்பளத்தில் ஒரு பகுதியைக் குழந்தைக் காப்புச் சீட்டாக முதலாளியிடமிருந்து பெறலாம். அதற்கு வருமான வரியும் இல்லை, தேசியக் காப்புறுதிக் கட்டணமும் இல்லை. 2006 முதல் வாரத்திற்கு 55 பவுண்டு வரை இச்சலுகை கிடைத்தது. சாதாரண வரி விகிதத்தில் இருந்தவருக்கு, 2018-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, ஆண்டிற்கு 933 பவுண்டு வரை மிச்சம். தாய், தந்தை இருவரும் தத்தம் முதலாளியிடம் சீட்டுப் பெற்றால் மிச்சம் இரட்டிப்பாகும். எனினும் இத்திட்டத்தில் சேர்வது முதலாளியின் விருப்பம். சொந்தத் தொழில் புரிபவருக்கோ முதலாளியே இல்லை. ஆகவே சீட்டும் இல்லை.

இக்குறையை நீக்க 2017-இல் அரசாங்கம் தானே ஒரு கணக்குத் திட்டத்தைத் தொடங்கியது. பெற்றோர் 8 பவுண்டு செலுத்தினால் அரசாங்கம் 2 பவுண்டு சேர்க்கும். ஒரு குழந்தைக்கு ஆண்டிற்கு 2,000 பவுண்டு வரையிலும், உடற்குறையுள்ள குழந்தைக்கு 4,000 பவுண்டு வரையிலும் இவ்வுதவி கிட்டும். சொந்தத் தொழில் புரிபவரும் இதில் சேரலாம். ஆனால் தாய் தந்தை இருவர் உள்ள வீட்டில் பொதுவாக இருவருமே சம்பாதிக்க வேண்டும்.

இரண்டில் எது நன்று? 2018-ஆம் ஆண்டு விகிதங்களின்படி கணக்கிட்டுப் பார்ப்போம். இருவரும் சாதாரண வரி விகிதத்தில் சம்பாதிக்கும் குடும்பத்தில் ஒரே குழந்தை. ஆண்டுச் செலவு 5,000 பவுண்டு என்று கொள்வோம். முதலாளியின் சீட்டினால் 1,600 பவுண்டு மிஞ்சும். அரசாங்கக் கணக்கினால் 1,000 மட்டுமே. அதே வீட்டில் இரண்டு குழந்தைகள் இருந்து, செலவு 15,000 ஆனால், சீட்டு தருவது 1,866. அரசாங்கம் தருவதோ 3,000. ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீட்டிற்குச் சீட்டு 933 வரை தரும். அரசாங்கக் கணக்கு பொதுவாக ஒன்றும் தராது. காரணம் எளிது: சீட்டின் வரம்பு பெற்றோரின் தலைக்கு, கணக்கின் வரம்பு குழந்தையின் தலைக்கு.

2018 அக்டோபர் 4-ஆம் நாளுடன் சீட்டுத் திட்டத்தில் புதியவரைச் சேர்ப்பது நின்றது. முன்பே சேர்ந்தவர் அதே முதலாளியிடம் பணியாற்றும்வரை தொடரலாம். ஒருமுறை விட்டு விலகினால் மீண்டும் நுழைய இயலாது. இங்குதான் சிக்கல் எழுந்தது. மேலான வேலை ஒன்று கிடைத்தாலும், சீட்டை இழக்க நேருமே என்று ஒரு தாய் தயங்க வேண்டிய நிலை வந்தது. குழந்தைக்கு வந்த உதவி தாயின் காலுக்குத் தளையாகவும் ஆகக்கூடும்.

மாணவ நேயர்களே, நீங்களும் ஒருநாள் சம்பாதிப்பீர்கள், குடும்பம் நடத்துவீர்கள். உங்கள் முன் ஓர் உதவித் திட்டம் வைக்கப்படும்போது, அது எவ்வளவு தருகிறது என்று கணக்கிடுவது அவசியமே. அத்துடன், அது எதனோடு பிணைக்கப்பட்டிருக்கிறது என்றும் கேளுங்கள். வேலையோடு பிணைந்த உதவி வேலையோடு போய்விடும். குழந்தையோடு பிணைந்த உதவி, பெற்றோர் எங்கே பணிபுரிந்தாலும் குழந்தையைத் தொடர்ந்து வரும்.