ஈ சொன்ன பாடம்

முட்டையை அவித்தால் வெள்ளைக்கரு கெட்டியாகிறது. ஆறிய பின்னும் அது பழையபடி நீராவதில்லை. அதிலுள்ள புரதங்கள் சூட்டினால் வடிவம் குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதே காரணம். நம் உடம்பின் ஒவ்வோர் உயிரணுவிலும் புரதங்கள் நிறைந்துள்ளன. அப்படியானால் காய்ச்சலிலும் கடும் வெயிலிலும் அவை எப்படித் தப்புகின்றன? இதற்கு விடை கிடைத்த வரலாற்றை இன்று காண்போம்.

கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் சின்னஞ்சிறு ஈக்களை நாம் அறிவோம். 1960களின் தொடக்கத்தில் இத்தாலியில் பெருச்சியோ ரிட்டோசா என்னும் இளம் அறிஞர் இந்த ஈக்களை ஆராய்ந்துவந்தார். ஒருநாள், ஈப்புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பிகளை வைத்திருந்த பெட்டியின் சூட்டை யாரோ கூட்டிவிட்டார்கள். ரிட்டோசா அவற்றை வீசிவிடாமல் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். மரபுப் பண்புகளைத் தாங்கும் குரோமோசோம்களில், முன்பு காணாத இடங்களில் புடைப்புகள் எழுந்திருந்தன. சூடு பட்டதும் உயிரணு ஏதோ புதிய வேலையைத் தொடங்கிவிட்டது!

பேர்பெற்ற ஆய்விதழ் ஒன்று, இதில் முக்கியமில்லை என்று அவர் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது. 1962-இல் வேறோர் இதழில் அது வெளிவந்தது. 1974-இல் கலிபோர்னியாவில் ஆல்பிரட் டிஸ்ஸியேரும் துணை ஆய்வாளர்களும் அந்த வேலை என்னவென்று கண்டனர். சூடுபட்ட உயிரணுக்கள் சில தனிப் புரதங்களை மிகுதியாக உண்டாக்குகின்றன. அவையே 'வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள்'.

பாக்டீரியா, செடிகொடி, மனிதர் என எல்லா உயிர்களிலும் இவை பின்னர் காணப்பட்டன. வடிவம் குலையும் புரதங்களைத் தாங்கிப் பிடித்து, ஒட்டிக்கொள்ளாமல் தடுத்து, பழைய வடிவுக்குத் திருப்ப உதவுகின்றன. சூடில்லாத நாளிலும் புதிதாக உருவாகும் புரதங்களுக்குத் துணை நிற்கின்றன. முதுமையில் இந்தக் காவல் தளர்கிறது. அல்சைமர் என்னும் மறதி நோயில் வடிவம் குலைந்த புரதங்கள் மூளையில் தேங்குகின்றன.

ஆனால் இந்தக் காவலர்களுக்கு நல்லவர், தீயவர் என்ற பேதமில்லை. புற்றுநோய் அணுக்களும் இவற்றின் துணையால் பிழைத்துக்கொள்கின்றன. ஆகவே இவற்றில் ஒன்றை அடக்கும் மருந்துக்கு, ஒருவகை வயிற்றுப் புற்றுக்காக, 2022-இல் ஜப்பான் அனுமதி அளித்தது.

நேயர்களே, இந்தக் காவலுக்கும் எல்லை உண்டு. வெயிலில் வேலை செய்பவருக்கு உடம்பு கொதித்து, பேச்சுக் குழறினால், 'தானே சரியாகும்' என்று காத்திருக்கக் கூடாது. நிழலில் கிடத்தி, உடம்பை நீரால் நனைத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். அவிந்த முட்டை திரும்புவதில்லை என்பதை மறவாதிருப்போம்.