டிராகன் ஏஜ் 2

கனடாவின் பயோவேர் நிறுவனம் உருவாக்கி, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2011 மார்ச்சில் வெளியிட்ட இந்த வீடியோ கேம், ஆடுபவர் ஒரு கதைமாந்தராகி அவரது திறன்களையும் முடிவுகளையும் தாமே தீர்மானிக்கும் 'ரோல் பிளேயிங்' வகையைச் சேர்ந்தது. பல ஆண்டு உழைப்பில் உருவான முதல் பாகம் 2009 நவம்பரில் வெளிவந்திருக்க, ஒன்றரை ஆண்டுக்குள்ளேயே வந்துவிட்ட இத்தொடர்ச்சியில் அவசரத்தின் தடயங்கள் மறைக்க முடியாதபடி தெரிந்தன. கதை பெரும்பாலும் கிர்க்வால் நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலுமே நடக்கிறது. ஒரே குகை வெவ்வேறு இடங்களாகத் திரும்பத் திரும்ப வர, சில வழிகள் மட்டும் கற்பாளத்தால் அடைக்கப்பட்டிருக்கும், ஆனால் திரையோரச் சிறு வரைபடமோ அடைபட்ட பகுதிகளையும் சேர்த்தே காட்டிவிடும். சண்டையின் நடுவே புதிய எதிரிகள் அலையலையாகத் தோன்றியதால், திட்டமிட்டு மோதும் முதல் பாகத்தின் முறையை விரும்பிய ரசிகர்கள் பெரிதும் ஏமாற்றமடைந்தனர். எனினும், கதைசொல்லியான குள்ளர் வேரிக் உள்ளிட்ட துணைமாந்தர்களின் வார்ப்பு, இத்தொடரின் மிகச் சிறந்த எழுத்துகளில் ஒன்றாகவே மதிக்கத்தக்கது. 2014 நவம்பரில் வெளியான மூன்றாம் பாகமான 'இன்குவிசிஷன்', பரந்த நிலப்பகுதிகளைக் கொண்டு அமைக்கப்பட்டது.