ரோஸ்மேரியும் கொச்சி தந்த பாடமும்

ஒரு செடியை இன்னதென்று அறிவது எவ்வாறு? பெயரைக் கேட்டா, வடிவைக் கண்டா? ரோஸ்மேரி விதைப் பொட்டலத்தை வாங்கி, அதன்மேல் அச்சிட்ட வகைப்பெயரை நம்பி விதைப்போர் முன் எழும் கேள்வி இது. கொச்சியில் வாழும் தமிழ் மக்கள் விடை தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை.

1670-களில் கொச்சியில் டச்சுக்காரரின் தலைவராயிருந்த வான் ரீடே, 'ஹோர்ட்டூஸ் மலபாரிக்கூஸ்' என்னும் பெருநூலைத் தொகுப்பித்தார். இட்டி அச்சுதன் என்ற வைத்தியரும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்ற கொங்கணி அறிஞர் மூவரும் செடிகளின் பெயரையும் குணத்தையும் கூறினர். இலையும் பூவும் காயும் கண்டவாறே வரையப்பட்டன. இட்டி அச்சுதனின் சொற்கள் போர்த்துக்கீசிய மொழிக்கும், அதிலிருந்து இலத்தீனுக்கும் சென்றன. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக நூல் வெளிவந்தது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் அறிவோம்: மொழி விட்டு மொழி செல்லும் பெயர் உருமாறும். ஆயினும் பெயரருகே படம் இருந்தமையால் செடி தப்பியது.

அந்நூலைச் சான்றாகக் கொண்ட சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், 1753-இல் தாம் வெளியிட்ட நூலில் மலபார்ச் செடிகளோடு ரோஸ்மேரிக்கும் பெயர் சூட்டினார். இரண்டே மகரந்தத் தாள்கள் கொண்ட ரோஸ்மேரியையும் சால்வியாவையும் ஒரே வகுப்பில், ஆயினும் தனித்தனிப் பேரினங்களாக வைத்தார். 2017-இல் ஆய்வாளர், மரபணுச் சான்று கொண்டு ரோஸ்மேரியைச் சால்வியாப் பேரினத்திலேயே சேர்த்தனர். பெயர் மாறிற்று, செடி மாறவில்லை.

வகைகளின் செய்தியும் இத்தகையதே. நிமிர்ந்து வளர்வன, தரையில் படர்வன, நீலப்பூ, வெண்பூ, இளஞ்சிவப்புப்பூ உடையன எனப் பல உண்டு. ஆனால் விதை தாயின் குணத்தை அப்படியே தருவதில்லை; ஒரே பொட்டலத்து நாற்றுகளும் வேறுபடும். ஆகவே வளர்ச்சி, இலையகலம், பூநிறம், மணம் ஆகியவற்றைக் கண்டு குறித்த பின்னரே வகை கூறல் தகும்.

கொச்சியின் மழையும் ஈரமும் இச்செடிக்கு ஒவ்வா. மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களில், மணல் மிகுந்த மண்ணில், விதை மறையுமளவு மட்டும் மண் தூவி விதைக்கலாம். முளைக்க 2 முதல் 4 வாரமாகும்; பல விதைகள் முளையாமலே போகும். வளர்ந்தவற்றுள் சிறந்ததைத் தேர்ந்து, நான்கைந்து அங்குல இளந்தண்டை வெட்டி, அடியிலைகளை நீக்கி மணலில் ஊன்றினால், அவ்வகை மாறாது பெருகும்.

பொட்டலத்துப் பெயரை மட்டும் நம்பாது, நம் கண் கண்டதைத் தேதியிட்டு எழுதிவைப்போம். இட்டி அச்சுதன் முதலியோர் கொச்சியில் விட்டுச்சென்ற செல்வம் அதுவே.